இறுகப் பிடித்தால் விழும் வண்டி

மணலில் இறங்கியதும் முன் சக்கரம் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். அந்த நொடியில் நம்மைக் கேட்காமலே உடம்பு சில காரியங்களைச் செய்துவிடுகிறது. விரல்கள் ஹேண்டில் பாரை இறுக்குகின்றன. தோள் விறைக்கிறது, முழங்கை பூட்டிக்கொள்கிறது, வலது மணிக்கட்டு ஆக்சிலேட்டரை மூடுகிறது, கண் கீழே முன் சக்கரத்துக்குப் போகிறது. தப்பிக்க வேண்டும் என்று உடம்பு எடுக்கும் இந்த முடிவுகள் ஒவ்வொன்றும் வண்டியைக் கவிழ்ப்பவை. தார்ச்சாலையில் பத்து வருடம் பைக் ஓட்டியவர்கூட ஆற்றுமணலில் பத்தாவது அடியில் விழுவதற்குக் காரணம் இதுதான். அவருக்கு ஓட்டத் தெரியாமல் இல்லை. தளர விடத் தெரியவில்லை.

தேனியும் கம்பம் பள்ளத்தாக்கும் இதைப் படிப்பதற்கென்றே அமைந்த நிலம். மேற்கே ஏலக்காய் மலைகள், தெற்கிலும் கிழக்கிலும் மேகமலையும் வருசநாட்டு மலைகளும், நடுவே முல்லைப் பெரியாறும் சுருளியாறும் பாயும் வயல்வெளி. தேனி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேகமலை எஸ்டேட்டுகள் 1,500 மீட்டரைத் தொடுகின்றன. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மலையின் கேரளப் பக்கமே வாங்கிக்கொள்கிறது. மூணாற்றில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் மழை, தேனிச் சமவெளியில் 800 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பெய்கிறது. இந்த ஏற்றத்தாழ்வால், காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பும் ஒரே நாளில் ஆற்றுமணல், கால்வாய்க் கரையின் களிமண், மலையடிவாரச் சரளை, எஸ்டேட் பாதையின் கருங்கல் என்று நாலு வகைத் தரையைப் பார்த்துவிடலாம். நாலுக்கும் இயற்பியல் ஒன்றுதான். டயருக்கும் தரைக்கும் நடுவே நடக்கும் கணக்கு மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது.

வீரபாண்டிக்குத் தெற்கே ஆற்றை ஒட்டி, வாழைத் தோட்டங்களுக்கும் நாணல் புதருக்கும் நடுவே போகும் வண்டிப்பாதைகள் காலை நேரத்துக்கு ஏற்றவை. மணல் இரவின் ஈரத்தைக் கொஞ்சம் வைத்திருக்கும், அதனால் ஓரளவு கெட்டியாக இருக்கும். வெயில் ஏறிய பிறகு அதே மணல் காய்ந்து உதிரியாகிவிடும். ஈர மணலில் துகள்களுக்கு இடையே நிற்கும் நீர், தன் பரப்பு இழுவிசையால் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது. நீர் ஆவியானதும் அந்தப் பிடி போய்விடுகிறது. நண்பர்கள் கூடிப் போகும்போது மணல் பகுதியைக் காலையிலேயே முடித்துவிடச் சொல்வது இதற்காகத்தான்.

இந்தப் பாதைகளின் உண்மையான நிபுணர்கள் எங்களைப் போல முழங்கால் கவசமும் பூட்ஸும் போட்டவர்கள் இல்லை. டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் புல்லுக்கட்டோடு வருகிற தோட்டக்காரர்கள். வேட்டியை மடித்துக் கட்டி, காலை அகல வைத்து, ஹேண்டில் பாரில் கை பட்டும் படாமலும் வைத்தபடி மணலைக் கடந்து போய்விடுவார்கள். எங்களில் ஒருவன் மணலில் புதைந்து நின்றபோது, அப்படி வந்த பெரியவர் ஒருவர் வண்டியை நிறுத்தாமலே சொல்லிவிட்டுப் போனார்: "தம்பி, நிப்பாட்டி நிப்பாட்டிப் போகாதீங்க. வண்டி ஆடத்தான் செய்யும். அது போற போக்குல விட்டுட்டு, நீங்க தூரத்தப் பாத்துப் போங்க."

அவர் சொன்னதை நிரூபிக்க விஞ்ஞானிகளுக்கு வெகுகாலம் பிடித்தது. சைக்கிளும் பைக்கும் ஏன் விழாமல் ஓடுகின்றன என்ற கேள்வி பார்ப்பதற்கு எளிது, பதில் எளிதில்லை. சுழலும் சக்கரத்தின் பம்பர விளைவால்தான் என்று நெடுநாள் நம்பினார்கள். 1970-இல் டேவிட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர், முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தை மாட்டி அந்த விளைவை ரத்துசெய்து பார்த்தார். சைக்கிளை ஓட்ட முடிந்தது. அவர் வேறொரு காரணத்தைச் சுட்டினார். ஹேண்டிலின் அச்சை ஒரு கோடாகத் தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடம் அந்தக் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். பைக்குகளில் இது ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். இந்தப் பின்னடைவு, சக்கரத்தைப் பயணத் திசைக்கே திரும்ப இழுக்கிறது. கதை அதோடு முடியவில்லை. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, பம்பர விளைவும் இல்லாத, பின்னடைவும் இல்லாத ஒரு சோதனை சைக்கிளைச் செய்து, அதுவும் தானே நிமிர்ந்து ஓடுவதை 2011-இல் 'சயின்ஸ்' இதழில் காட்டின. எடை எங்கே எப்படிப் பரவியிருக்கிறது என்பதும் சேர்ந்துதான் அதை நிமிர வைக்கிறது.

எல்லா ஆய்வுகளிலும் பொதுவாக நிற்பது ஒன்று: வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் முன் சக்கரம் தானாகத் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பினால் சக்கரங்கள் சாய்ந்த எடைக்கு அடியில் வந்து, வண்டி நிமிரும். ஆளில்லாத சைக்கிளை லேசான சரிவில் தள்ளிவிட்டுப் பாருங்கள். ஹேண்டில் இப்படியும் அப்படியும் சிறிது ஆடிக்கொண்டே நெடுந்தூரம் போகும். ஹேண்டிலைக் கயிற்றால் இறுகக் கட்டிவிட்டுத் தள்ளினால் சில அடிகளில் கவிழும். மணலில் ஹேண்டில் பாரை இறுக்குகிற கை அந்தக் கயிற்றின் வேலையைத்தான் செய்கிறது. முன் சக்கரத்தின் ஆட்டம் கோளாறு இல்லை. வண்டி தன்னை நிமிர்த்திக்கொள்ளும் வழி அது.

ஆக்சிலேட்டரை மூடுவது இன்னும் மோசம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டி ஏறக்குறைய 155 கிலோ, ஆளும் சாமானும் 75 கிலோ, ஆக 230. எடை மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில். இரு சக்கரங்களுக்கும் நடுவே 1.4 மீட்டர். உதிரி மணலில் ஆக்சிலேட்டரை மூடியதும் வண்டியின் வேகம் நொடிக்கு நொடி மணிக்கு 10, 11 கிலோமீட்டர் வீதம் குறையும். அப்போது பின் சக்கரத்திலிருந்து ஏறக்குறைய 35 கிலோ எடை முன் சக்கரத்துக்கு மாறுகிறது. ஏற்கெனவே மணலை உழுதுகொண்டிருக்கும் மெல்லிய முன் டயர், அந்த எடையோடு இன்னும் ஆழமாக இறங்குகிறது. முன்னால் மணல் குவிகிறது, வேகம் மேலும் குறைகிறது, எடை மேலும் முன்னால் வருகிறது. இந்தச் சுழலை உடைக்க ஒரே வழி, மனசு வேண்டாம் என்று சொல்லும் நேரத்தில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகுவது. உடம்பைப் பின்னால் தள்ளி, இரண்டாவது கியரில் சீராக இழுத்தால் முன் சக்கரம் லேசாகி மணலின் மேல் மிதந்து வரும்.

பெரியவரின் எக்ஸ்.எல்.லுக்கு இன்னொரு வசதியும் உண்டு. அந்த வண்டி 90 கிலோவைத் தாண்டாது. 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50-இன் வாரிசு அது. நூறு சி.சி.க்குள் ஓர் எஞ்சின், கிளட்ச் பிடிக்கத் தேவையில்லாத அமைப்பு. சேற்றிலும் வரப்பிலும் ஓடுவதற்குத் தேவையான முதல் தகுதி குதிரைத்திறன் இல்லை, எடைக் குறைவு என்பதைத் தென்மாவட்டத்து விவசாயிகள் தலைமுறைக்கு முன்பே கண்டுகொண்டார்கள். அதே நிறுவனம் பிரான்சின் ஷெர்கோவோடு சேர்ந்து டக்கார் ராலிக்கும் வண்டி அனுப்பியிருக்கிறது. ஷொறணூரைச் சேர்ந்த ஹரித் நோவா 2024-இல் அந்த வண்டியில்தான் டக்காரின் ராலி-2 பிரிவை வென்றார். பாலைவனத்தில் அவர் செய்வதும் வீரபாண்டி மணலில் பெரியவர் செய்வதும் இயற்பியலில் ஒரே காரியம்.

கையைத் தளர்த்திய பிறகு டயரைத் தளர்த்த வேண்டும். தார்ச்சாலையை விட்டு இறங்குகிற இடத்தில் எங்கள் கூட்டத்தில் எப்போதும் ஒரு குரல் எழும்: "மாப்ள, காத்த எறக்குங்கடா." பின் டயரில் 28 பி.எஸ்.ஐ. இருந்ததை 15-க்கு இறக்குவோம். பின் சக்கரத்தின் மேல் 130 கிலோ எடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். டயருக்குள் இருக்கும் அழுத்தத்தையும் தரையைத் தொடும் பரப்பையும் பெருக்கினால் அந்த எடை வர வேண்டும். 28 பி.எஸ்.ஐ.யில் டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 66 சதுர சென்டிமீட்டர். 15-இல் அது 120-ஐத் தாண்டுகிறது. டயரின் விறைப்பான பக்கச்சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் அசல் கணக்கு சற்று மாறும். ஆனாலும் பரப்பு இரட்டிப்பை நெருங்குகிறது என்பது உண்மை. மணலில் அது புதையாமல் காக்கிறது. கல்லில் அதைவிட முக்கியமான ஒன்றைச் செய்கிறது: டயர் கல்லின் வடிவத்துக்கு மசிந்து, அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. கெட்டியான டயர் கல்லின் முனையில் எகிறும். எகிறும் நேரமெல்லாம் பிடிப்பு இல்லாத நேரம்.

இதற்கு விலையும் உண்டு. காற்று குறைந்த டயர் கூரான கல்லில் மோதினால் ட்யூப், ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி இரண்டு ஓட்டை விழும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் காற்றை ஏற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் டயர் மடங்கி மடங்கிச் சூடாகும், வளைவில் வண்டி நெளியும். பம்ப் இல்லாமல் காற்றை இறக்குவது கூடாது.

வெயில் ஏறும் நேரத்துக்குப் பாதை மேற்கு அடிவாரத்துக்கு வந்திருக்கும். தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை. 18-ஆம் கால்வாயின் கரையும், அதைத் தாண்டி மானாவாரிக் காடுகளுக்குப் போகும் வண்டித்தடங்களும். இங்கே தரை சரளை. இந்த மலைகளின் அடிப்பாறைகளில் முக்கியமானது சார்னோக்கைட். சென்னை பல்லாவரத்திலிருந்து போன கல்லில் செய்த, கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறையைப் பார்த்து ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893-இல் அந்தப் பாறைக்கு இந்தப் பெயரை வைத்தார். அந்தப் பாறை வெயிலிலும் மழையிலும் சிதையும்போது மென்மையான கனிமங்கள் மண்ணாகிக் கரைந்துபோக, குவார்ட்ஸ் மட்டும் உதிரிப் பரல்களாகத் தங்கிவிடுகிறது. கீழே இறுகிய செம்மண், மேலே பரல். சிமெண்டுத் தரையில் கேழ்வரகைக் கொட்டிவிட்டு நடந்து பார்ப்பதற்குச் சமம் அதில் பிரேக் பிடிப்பது.

நல்ல தார்ச்சாலையில் டயரின் உராய்வுக் கெழு 0.8 அளவில் இருக்கும். உதிரிச் சரளையில் 0.4 என்று வைத்துக்கொள்ளலாம். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிறவர் தாரில் பிரேக் பிடித்தால் 8 மீட்டரில் நிற்பார், சரளையில் 16 மீட்டர். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைத் தொடுவதற்குள் ஒரு நொடி கழிந்தால் அதில் இன்னொரு 11 மீட்டர். ஆக 27 மீட்டர். வேகத்தை 20-க்குக் குறைத்தால் எல்லாம் சேர்ந்து 10 மீட்டருக்குள் அடங்குகிறது. வேகம் பாதியானால் பிரேக் தூரம் காலாகும் என்பதால் வரும் லாபம் இது. முன்னால் எவ்வளவு தூரம் தெரிகிறதோ அதற்குள் நிற்க முடிகிற வேகமே சரியான வேகம். ஆடு மேய்ப்பவர்கள் நடமாடும் தடத்தில் இதற்கு விதிவிலக்கே கிடையாது.

இனி முழங்கால். கரட்டுப் பாதையில் எழுந்து நின்று ஓட்டச் சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டால், பலரும் எடை மையம் கீழே இறங்கும் என்பார்கள். அது தவறு. உட்கார்ந்தவர் எழுந்தால் எடை மையம் மேலேதான் போகும். ஆளின் உடல் 25 சென்டிமீட்டர் உயர்ந்தால் வண்டியும் ஆளும் சேர்ந்த எடை மையம் 8 சென்டிமீட்டர் உயர்கிறது. அப்படியிருந்தும் நிற்பது பாதுகாப்பானது. காரணம், அங்கே ஒரே எடையாக இருந்தது இரண்டாகப் பிரிகிறது. சீட்டில் உட்கார்ந்திருக்கும் வரை வண்டியோடு ஆளும் சேர்ந்தே சாய வேண்டும், சேர்ந்தே துள்ள வேண்டும். ஃபுட்ரெஸ்ட்டில் மடக்கிய முழங்காலோடு நின்றால் வண்டி அடியில் எப்படி வேண்டுமானாலும் ஆடலாம். மேலே இருப்பவர் தன் போக்கில் நேராகப் போய்க்கொண்டிருப்பார். கல்லில் பின் சக்கரம் எகிறினால், சக்கரம் தூக்க வேண்டியது 155 கிலோ வண்டியின் பின்பாதியை மட்டும்தான், மேலே இருக்கும் மனிதரையும் சேர்த்து அல்ல. அதனால் சக்கரம் சீக்கிரம் தரைக்குத் திரும்புகிறது.

உட்கார்ந்து ஓட்டுவதில் இன்னொரு சிக்கல் உண்டு. உட்கார்ந்த மனித உடம்பு மேலும் கீழுமான அதிர்வில் நொடிக்கு ஏறக்குறைய 5 முறை என்ற வீதத்தில் ஒத்திசைகிறது. அந்த வீதத்தில் சீட் குலுங்கினால் வயிறும் முதுகெலும்பும் சீட்டைவிட அதிகமாகக் குலுங்கும். பாதையில் ஒரு மீட்டருக்கு ஒரு மேடு என்று வைத்துக்கொண்டு, மணிக்கு 18 கிலோமீட்டரில் போனால் நொடிக்குச் சரியாக 5 குலுக்கல். மலைப்பாதையில் சகஜமாக ஓட்டும் வேகமே அதுதான்! அரை மணி நேரத்தில் இடுப்பு வலிப்பதற்கு வயதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. மடக்கிய முழங்கால் அந்த அதிர்வை வடிகட்டிவிடுகிறது. தொடைத் தசையைப் போல் நொடிக்கு நொடி தன் விறைப்பை மாற்றிக்கொள்ளும் ஷாக் அப்சார்பரை எந்த நிறுவனமும் இன்னும் இந்த விலைக்குச் செய்யவில்லை.

இந்த மேடுகளுக்கும் ஒரு கதை இருக்கிறது. எஸ்டேட் ஜீப்புகள் ஓடும் மண்பாதைகளில், குறுக்கே வரிவரியாக அலை விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜீப்பின் ஸ்பிரிங் தான் அப்படிச் செய்கிறது என்று தோன்றும். டேபர்லே, மோரிஸ், மெக்கெல்வெய்ன் என்ற மூவர், வட்டமாகப் பரப்பிய மணலின் மேல் சாதாரணச் சக்கரம் ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு 2007-இல் ஆய்வு செய்தார்கள். ஸ்பிரிங்கே இல்லாத சக்கரமும் அலையை உண்டாக்கியது. அதற்கு ஒரு வேக வரம்பு இருக்கிறது. அதற்குக் கீழே ஓட்டினால் அலை உருவாகவே இல்லை. வழக்கமான வாகனங்களுக்கு அது மணிக்கு 8 கிலோமீட்டர் அளவில் வருகிறது, எந்த டிரைவரும் அவ்வளவு மெதுவாகப் போகமாட்டார். ஆகவே மண்பாதை இருக்கும் இடமெல்லாம் அலையும் இருக்கும்.

முன் சக்கரத்தின் அளவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சாதாரண பைக்கில் 17 அங்குலம், மலைப்பாதைக்கென்று வரும் வண்டிகளில் 21 அங்குலம். டயரோடு சேர்த்து ஆரம் முறையே 30, 35 சென்டிமீட்டர் அளவில். 10 சென்டிமீட்டர் உயரக் கல்லை நின்ற நிலையிலிருந்து ஏறுவதற்குச் சின்னச் சக்கரத்தை அதன் மேல் இருக்கும் எடையின் 1.12 மடங்கு விசையோடு தள்ள வேண்டும். பெரிய சக்கரத்துக்கு 0.98 மடங்கு போதும். எட்டில் ஒரு பங்கு மிச்சம். ஒரு கல்லுக்கு இது பெரிதாகத் தெரியாது. நாள் முழுக்கக் கல் ஏறியவரின் தோளுக்குத் தெரியும்.

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி சற்று மந்தமாவதை உணரலாம். 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும், எஞ்சினின் வலுவும் அதே அளவுக்குக் குறையும். எரிபொருள் ஊசி அமைப்பு பெட்ரோலின் அளவைச் சரிசெய்துகொள்ளும். இல்லாத ஆக்சிஜனை அதனால் கொண்டுவர முடியாது.

பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தான் எல்லோரும் விழுகிறார்கள். காலையில் இதைவிடக் கடினமான இடத்தைச் சிரித்துக்கொண்டே கடந்தவன், ஒன்றுமில்லாத இடத்தில் விழுகிறான். கனடாவின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மண்பாதை பைக் ஓட்டுநர்களுக்கு மூச்சளவைக் கருவி மாட்டி அளந்து, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். ஓட்டும்போது உடல் செலவழிக்கும் ஆற்றல் மெதுவோட்டம் ஓடுவதற்கு நெருக்கமாக இருந்தது. எஞ்சின் இழுக்கிறது, நாம் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அரை நாளாக ஓடிக்கொண்டிருக்கிறோம், அதுவும் ஹெல்மெட், கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு, தேனி வெயிலில்.

முதலில் தோற்பது முன்கை. முன்கையின் தசைகள் நீளாத உறைகளுக்குள் அடங்கியிருக்கின்றன. தொடர்ந்து இறுகப் பிடித்தால் தசைக்குள் ரத்தம் பாய்ந்து அது உப்புகிறது, உறை விரிய மறுக்கிறது, உள்ளே அழுத்தம் ஏறி ரத்தம் வெளியேறும் நாளங்களை நெரிக்கிறது. முன்கை கட்டையாகிவிடும். விரல் பிரேக்கில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. பிடிப்பு தளர்வதாகத் தோன்றுவதால் இன்னும் இறுக்கிப் பிடிப்போம், அதனால் இன்னும் உப்பும். காலையில் தளர்வாகப் பிடித்தவனுக்கு மாலையிலும் கை இருக்கிறது. வண்டியைப் பிடிக்க வேண்டியது முழங்காலும் தொடையும். கை, கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தொட மட்டும்தான்.

அடுத்து தண்ணீர். 70 கிலோ எடையுள்ளவர் வியர்வையில் 1.4 லிட்டர் இழந்தால் உடல் எடையில் 2 சதவீதம். அந்த அளவிலேயே கவனம் மங்கத் தொடங்குகிறது. வெக்கையில் அந்த 1.4 லிட்டர் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடும். வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் உப்பு நீர்த்துப்போகும். வழியில் கிடைக்கும் உப்புப் போட்ட மோரும் கம்மங்கூழும் இரண்டையும் ஈடுகட்டுகின்றன. இளைப்பாறும் இடத்தில் பேச்சு குறைந்த ஆளைக் கவனியுங்கள். "ஒண்ணுமில்ல மாமா, போலாம்" என்று சொல்லிவிட்டு மௌனமாகும் ஆளை மரத்தடியில் அரை மணி நேரம் உட்கார வைப்பது மற்றவர்களின் கடமை. மூன்று பேருக்குக் குறையாமல் போகச் சொல்வதும் இதற்காகவே. ஒருவர் விழுந்தால் ஒருவர் பக்கத்தில் இருக்கலாம், ஒருவர் போன் எடுக்கும் இடம்வரை போகலாம். மலை மடிப்புகளில் சிக்னல் கிடைக்காது.

மாசி, பங்குனியில் இன்னொரு அபாயம் சேர்கிறது. கடினமாக ஓடிய எஞ்சினின் சைலன்சர் குழாய் பல நூறு டிகிரிக்குச் சூடேறும். காய்ந்த புல் 300 டிகிரிக்கு மேல் பற்றிக்கொள்ளும். வண்டியைப் புல்லின் மேல் நிறுத்தக் கூடாது, வெறும் மண்ணில் நிறுத்த வேண்டும். குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று பரவிய காட்டுத்தீயில், மலையேறப் போனவர்களில் 23 பேர் இறந்தார்கள். சரிவில் தீ மேல்நோக்கிப் போகும்போது, மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே சூடேற்றி உலர்த்திக்கொண்டே போகிறது. சரிவு கூடக் கூட அதன் வேகமும் கூடுகிறது. மனிதரின் வேகம் அதே சரிவில் குறைகிறது. அந்த மலையின் புல்லைப் பார்க்கும்போது இந்தக் கணக்கை மறக்கக் கூடாது.

எங்கே ஓட்டக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேகமலையின் காடுகள் 2021 பிப்ரவரியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வருகின்றன, பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். அதற்குள் பொதுச்சாலையை விட்டு இறங்கி அனுமதியின்றி ஒரு தடத்தில் போவது சட்டப்படி குற்றம். சட்டம் இருப்பதால் மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. நல்ல மண்ணில் ஏறக்குறைய பாதி வெற்றிடம். அந்தத் துளைகளின் வழியாகத்தான் மழை உள்ளே இறங்குகிறது, வேர் மூச்சு விடுகிறது. டயர் ஏறினால் துளைகள் நசுங்குகின்றன. கலிஃபோர்னியப் பாலைநிலங்களில் பைக் தடங்களை ஆராய்ந்த ராபர்ட் வெப், ஹோவர்ட் வில்ஷயர் போன்றோர் கண்டது மனதை உறுத்துகிறது. மண் இறுகுவதில் பெரும்பகுதி முதல் சில முறை சக்கரம் ஓடும்போதே நடந்துவிடுகிறது. நூறாவது வண்டி செய்யும் கேடு, முதல் வண்டி செய்ததைவிடக் குறைவு. இரண்டாம் உலகப் போரில் ராணுவப் பயிற்சிக்காக அந்த மண்ணில் ஓடிய டாங்கிகளின் தடங்கள் இன்னும் அழியவில்லை.

ஆகையால் "நாலு வண்டிதானே போனோம்" என்ற சமாதானம் செல்லாது. புதுத் தடத்தில் போகும் முதல் நாலு வண்டிகள்தான் கெடுப்பவை. இறுகிய தடத்தில் மழைநீர் இறங்காமல் ஓடும். ஓடும் நீர் தடத்தை அறுத்து ஓடையாக்கும். வருசநாட்டுச் சரிவில் அப்படி அறுபடும் மண், 1959-இல் கட்டிய வைகை அணையின் அடியில்தான் போய்ப் படியும். மதுரை குடிக்கிற தண்ணீர் நிற்க வேண்டிய இடம் அது. பழைய வண்டிப்பாதையில் ஓட்டும்போது இந்தப் பழி இல்லை. அந்த மண் மாட்டுவண்டிக் காலத்திலேயே இறுகிவிட்டது. எங்கள் கூட்டத்தில் புதுத் தடம் போட யாராவது முன்வந்தால் மற்றவர்கள் நின்றுவிடுவோம்.

பழைய பாதைக்கும் நேரம் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கால்வாய்க் கரையில் களிமண் ஊறியிருக்கும். துகள்களுக்கு நடுவே நீர் மசகாக நிற்பதால் அப்போது மண் மிக எளிதாக நசுங்கும், டயரும் வழுக்கும். உழவுக்குப் பதம் பார்க்கத் தெரிந்த விவசாயிக்கு இது புது விஷயமில்லை. ஈர நிலத்தில் ஏரோ டிராக்டரோ இறக்கினால் மண் கட்டி தட்டிப்போகும் என்று அவருக்குத் தெரியும். அவர் செய்வதையே நாங்களும் செய்கிறோம். ஒரு சாண் ஆழத்தில் கைப்பிடி மண்ணை எடுத்து உருட்டி, இடுப்பு உயரத்திலிருந்து போட வேண்டும். விழுந்ததும் உதிர்ந்தால் போகலாம். உருண்டை உருண்டையாகவே தரையில் ஒட்டிக்கொண்டால் தேவாரம் பக்கத்துத் தோட்டக்காரர்கள் சொல்கிற பதில்தான்: "இன்னும் ரெண்டு வெயில் அடிக்கட்டும், அப்புறம் வாங்கப்பா." அன்றைக்கு டயரில் மறுபடி 28 பி.எஸ்.ஐ. ஏற்றிக்கொண்டு, தார்ச்சாலையில் போடிமெட்டுக்கு ஏறிவிடுவோம்.